கேட்டால் போதுமா, சொல்ல வேண்டுமா? மேலைநாட்டாரும் சமஸ்கிருத மந்திரமும்

நெய்தல் (ஃப்ரைபர்க், ஜெர்மனி)

அனைவருக்கும் வணக்கம். நான் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதத்துக்குப் பிறகு நாக்குப் புரளாதவர்கள், பார்க்கின்சன் நோயால் குரல் மங்கியவர்கள், வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஆசிரியர்கள் என்று என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியர்கள். அவர்களில் பலர் இப்போது மந்திரம் கேட்கிறார்கள். நியூரம்பர்க்கில் பிறந்த தேவா பிரேமல் 1998இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் காயத்ரி மந்திரம் இருக்கிறது. யோகா வகுப்புக்குப் போகிற பலருக்கும் அது பழக்கமானது. இரவில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். வலி குறைகிறது, படபடப்பு அடங்குகிறது என்கிறார்கள். நான் நம்புகிறேன். வலியில் இருப்பவர் குறைந்தது என்று சொன்னால் அதை மறுக்க நான் யார்?

என் கவலை வேறு. "எட்டு மணி நேர மிருத்யுஞ்ஜய மந்திரம், உயிரணுக்களைப் புதுப்பிக்கும்", "528 ஹெர்ட்ஸில் ஓம், மரபணுவைச் சீராக்கும்" என்ற தலைப்புகளில் பதிவுகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. குரல் போன ஒருவர் அப்படி ஒன்றை என்னிடம் காட்டி, "இதைக் கேட்டபடி தூங்கினால் குரல் திரும்புமா?" என்று கேட்டார். திரும்பாது என்றேன். "ஆனால் நீங்களே சொல்லிப் பாருங்கள்" என்றேன்.

மந்திரத்துக்கு ஆற்றும் சக்தி உண்டு என்பதே என் எண்ணம். அந்தச் சக்தி வாய் திறந்து, அல்லது மனத்துக்குள்ளாவது, சொல்பவருக்குத்தான் சேர்கிறது. படுத்துக்கொண்டு கேட்பவருக்குக் கிடைப்பது நல்ல இசை தரும் ஆறுதல். அதுவும் சிறியதல்ல, ஆனால் அது வேறு. மேலைநாட்டுச் சந்தையில் இந்த இரண்டையும் ஒன்றாக்கி விற்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இளங்கோ_மருத்துவர் (டொராண்டோ)

நெய்தல் தங்கைக்கு வணக்கம். நீங்கள் சொல்வதற்கு வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது. இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் செய்த ஆய்வு, 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. உடல்நலமுள்ள 23 பேரை இரண்டு விதமாகச் சொல்ல வைத்தார்கள். ஒன்று, கத்தோலிக்கர் ஜெபமாலையில் சொல்லும் 'ஆவே மரியா', லத்தீனில். மற்றொன்று திபெத்தியப் பௌத்தர்கள் சொல்லும் 'ஓம் மணி பத்மே ஹும்' மந்திரம். சொல்லும்போது மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள்.

இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது. சாதாரணமாக அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். இந்த ஆறு என்ற எண் முக்கியமானது. நம் இரத்த அழுத்தம் தானாகவே சுமார் பத்து வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது. மூச்சும் பத்து வினாடிக்கு ஒன்றாக வந்துவிட்டால் இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. அப்போது அழுத்தம் ஏறும்போது இதயத்தை நிதானப்படுத்தும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. இதய நோயாளிகளிடம் இது மழுங்கியிருப்பது கெட்ட அறிகுறி என்பதால் நாங்கள் இதைப் பெரிதாக மதிக்கிறோம்.

அவர்களை யாரும் "மெதுவாக மூச்சு விடுங்கள்" என்று சொல்லவில்லை. சொல்லின் நீளமே மூச்சை நீட்டியது. சொன்னால்தான் அது நடக்கும்.

வேதவல்லி (மயிலாப்பூர்)

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. பல ஆண்டுகளாக யஜுர் வேதத்தின் ஒரு பிரிவான தைத்திரீய சாகை ஓதுகிறேன், வெளிநாட்டவர்களுக்கும் சொல்லித்தருகிறேன். டாக்டர் ஐயா கூறியதை மறுக்கவில்லை. ஆனால் மூச்சு மட்டும்தான் விஷயம் என்று முடித்துவிட்டால் மந்திரத்தின் உடம்பே காணாமல் போய்விடும்.

ஓதும்போது ஸ்வரம் மூன்று. உதாத்தம் நடுநிலை, அனுதாத்தம் கீழே, ஸ்வரிதம் மேலே. எழுத்து பிசகக் கூடாது, மாத்திரை பிசகக் கூடாது, எங்கே நிறுத்துவது என்பதும் பிசகக் கூடாது. ஆசான் ஒரு முறை சொல்ல, மாணவர் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்த்துக் கற்பது கடைசி வழி. கவனம் முழுவதும் வாயிலும் காதிலும் குவிந்துவிடும். நேற்றைய சண்டைக்கும் நாளைய கடனுக்கும் அங்கே இடம் கிடையாது. என்னிடம் கற்கும் பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர் அந்த வேதத்தில் வரும் சிவதுதியான ருத்ரத்தின் முதல் அனுவாகத்தை, அதாவது முதல் பகுதியை, கற்க நீண்ட காலம் எடுத்துக்கொண்டார். 'ட'வுக்கும் 'த'வுக்கும் நாக்கு எங்கே படுகிறது என்று கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழகினார். கணவரை இழந்த பிறகு அவர் மனம் ஓர் இடத்தில் நின்றது அந்த நேரத்தில் மட்டுமே என்று சொல்வார்.

ஓதுவோரின் மூளையைப் பற்றியும் ஆய்வு உண்டு. ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் என்பவரின் குழு, சிறுவயதிலிருந்து யஜுர் வேதம் மனப்பாடம் செய்த 21 பண்டிதர்களின் மூளையைப் படம்பிடித்து, அதே வயதுடைய மற்றவர்களோடு ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டது. நினைவோடு தொடர்புள்ள பகுதிகள் உட்படப் பல இடங்களில் சாம்பல்நிறப் பொருள் அதிகம் இருந்தது.

நெய்தல்

வேதவல்லி அம்மா, உங்கள் மாணவி கண்ணாடி வைத்துப் பழகியதைப் படித்தபோது அவ்வளவு மகிழ்ச்சி. பேச்சுப் பயிற்சியில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.

ஆனால் நீங்கள் குறிப்பிட்ட ஹார்ட்ஸெல் ஆய்வைத்தான் இங்கே மிகவும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். "சமஸ்கிருதம் மூளையை வளர்க்கிறது" என்று தலைப்பிட்டு, கீழே ஒலிப்பதிவை விற்கிறார்கள். அந்தப் பண்டிதர்கள் பல ஆண்டுகள், நாள் முழுக்க ஓதி மனப்பாடம் செய்தவர்கள். மேலும், ஒருமுறை எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, ஓதியதால் மூளை அப்படி ஆனதா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் அந்தப் படிப்பில் நிலைத்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கேட்பவரைப் பற்றி அந்த ஆய்வு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

டாக்டர் அண்ணா சொன்ன மூச்சோடு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். 'ஓம்' என்று முடிக்கும்போது வரும் 'ம்'. மூக்கின் இரு பக்கமும் விரல் நுனியை லேசாக வைத்துக்கொண்டு நீளமாக 'ம்ம்ம்' என்று சொல்லிப் பாருங்கள். எலும்பு அதிர்வது விரலில் தெரியும். களைத்த குரல்நாண்களை வலிக்காமல் மறுபடி வேலை செய்ய வைப்பதற்கு இந்த மெல்லிய மூக்கொலியைத்தான் பயிற்சியாளர்கள் முதலில் எடுக்கிறோம். ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தின் வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முனகும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு சாதாரண மூச்சைவிட 15 மடங்கு உயர்ந்திருந்தது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் காற்றுப் பரிமாற்றம் பெருகுவதே காரணம்.

தலையணையில் வைத்த ஒலிபெருக்கி இதில் எதையும் செய்யாது.

பொருநை (திருநெல்வேலி)

நாக்கு எங்கே படவேண்டும் என்று எல்லோரும் அழகாகப் பேசுகிறீர்கள். ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். காயத்ரியை இன்று பெர்லினில் டிக்கெட் வாங்கும் எவரும் பாடலாம். என் பாட்டி அதைச் சொல்லியிருக்க முடியுமா? அவர் பெண். அவர் பிறந்த சாதியும் வேறு. காதால் கேட்பதே குற்றம் என்று எழுதிவைத்த தர்ம நூல்கள் இருந்த நாடு இது. டாக்டர் சொல்கிறபடி இது மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்லதென்றால், அந்த நல்லதைப் பல நூற்றாண்டுகள் பூட்டிவைத்திருந்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். வெள்ளைக்காரர் கேட்டதும் பூட்டு திறந்துகொண்டது. எனக்குக் கோபம் வருகிறது. அது தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

வேதவல்லி

பொருநை, உங்கள் கோபம் நியாயமானது. நானும் பெண்தான். என் அத்தை அறைக்கதவுக்கு வெளியே நின்று கேட்டு மனப்பாடம் செய்தவர், வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குக் கதவு திறந்தது இந்த ஊரில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் வகுத்த வழியால். அவர் 1930களின் இறுதியில் மைசூரில் இந்திரா தேவி என்ற ஐரோப்பியப் பெண்ணுக்கு யோகம் கற்பித்தவர். பிற்காலத்தில் சென்னையில் பெண்களுக்கு வேதம் ஓதவும் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் இங்கே தொடங்கிய 'கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்' என்ற யோகப் பள்ளிக்கு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மாணவர்கள் வந்து ஓதக் கற்றார்கள்.

வெளிநாட்டவர் வந்ததால் கதவு திறந்ததா, திறந்த கதவு வழியாக அவர்கள் வந்தார்களா? இரண்டும் கலந்தே நடந்தது என்று நினைக்கிறேன். எப்படியானாலும் கற்க வருபவரை இன்று நான் ஊரோ பிறப்போ கேட்பதில்லை.

பொருநை

நன்றி அம்மா. உங்கள் அத்தையைப் பற்றி எழுதியதற்குத் தனியாக நன்றி.

பழைய_இசைத்தட்டு (லண்டன்)

நெய்தல் சொல்லும் கேட்பவர், சொல்பவர் வேறுபாட்டுக்கு வரலாறும் துணை நிற்கிறது. மேற்கில் மந்திரம் பரவியதே கேட்பவரைச் சொல்பவராக்கித்தான். 1966 அக்டோபர் 9 அன்று நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பூங்காவில், ஹரே கிருஷ்ணா இயக்கத்தை நிறுவிய பக்திவேதாந்த சுவாமி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஹரே கிருஷ்ண மகாமந்திரத்தைப் பாடினார். கூடியிருந்த இளைஞர்கள் சேர்ந்து பாடினார்கள். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கும் அவர்களில் ஒருவர். 1969இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் லண்டன் ராதா கிருஷ்ணர் கோயில் பக்தர்களை வைத்துத் தயாரித்த இசைத்தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டின் அமைப்பே ஒருவர் சொல்ல மற்றவர் திருப்புவதுதான்.

கின்ஸ்பெர்க் 1968 ஆகஸ்டில் சிகாகோவில் செய்ததையும் நினைக்க வேண்டும். ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு எதிராகத் திரண்ட இளைஞர்களைப் போலீஸ் சூழ்ந்து நின்றபோது, பயத்தில் கூட்டம் சிதறி ஓடாமலிருக்க லிங்கன் பூங்காவில் மணிக்கணக்காக 'ஓம்' சொன்னார். சுற்றி இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நீண்ட மூச்சு கூட்டத்தின் பதற்றத்தைத் தணிக்கும் என்று அவர் நம்பினார். பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோதும் அதை விளக்கினார்.

அதே நேரத்தில் கேட்பதை இவ்வளவு கீழே இறக்கவும் எனக்கு மனமில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் 'சத்தியாகிரகா' இசைநாடகம் 1980இல் ராட்டர்டாமில் அரங்கேறியது. காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கை. பாடப்படுவது முழுவதும் பகவத்கீதையின் சமஸ்கிருத வரிகள். லண்டனில் அதைப் பார்க்க உட்கார்ந்திருந்தபோது ஒரு சொல்லும் விளங்காத ஆங்கிலேயர்கள் கண் கலங்கியதைப் பார்த்தேன். கடைசிக் காட்சியில் காந்தி பாத்திரம் ஒரே ஏறுவரிசைச் சுரங்களைத் திரும்பத் திரும்பப் பாடும். அரங்கம் முழுக்க மூச்சை அடக்கிக் கேட்டது. அது வெறும் ஆறுதல் என்று சொன்னால் போதாது.

நெய்தல்

ஐயா, அந்த அரங்கத்துக்கு முன் நான் வாதாட மாட்டேன். கேட்பது சிறியது என்றல்ல என் பேச்சு. நேரில், நூறு பேரோடு, பாடுபவரின் மூச்சைப் பின்தொடர்ந்து கேட்பதில் உடம்பும் பங்கெடுக்கிறது. பாடுகிறவர்களிடம் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சுவீடனின் கோத்தென்பர்க்கில் பியோர்ன் விக்ஹாஃப் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதினரை முனகவும், பக்திப் பாடல் பாடவும், மெதுவான மந்திரம் ஒன்றைப் பாடவும் வைத்தார்கள். சேர்ந்து பாடியவர்களின் இதயத்துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. ஒரே இடத்தில் மூச்சு எடுத்ததுதான் காரணம்.

குமரன் (மெல்போர்ன்)

நான் இங்கே எழுதுவது சண்டைக்கல்ல. என் நெருங்கிய நண்பர், ஆஸ்திரேலியர், மன அழுத்த நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். வார இறுதி மந்திர முகாம் ஒன்றுக்குப் போய் வந்தார். அதை நடத்தியவர், "மாத்திரை உங்கள் அதிர்வெண்ணைக் கீழே இழுக்கிறது, இந்த ஒலிப்பதிவை நாற்பது நாள் கேளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். நண்பர் மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த சில வாரங்கள் அவர் வீட்டில் மாறி மாறிக் காவல் இருந்தோம். இரவு இரண்டு மணிக்கு அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்க, அந்த ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது நலமாக இருக்கிறார், மருந்தோடு.

நம் மந்திரம் உலகெங்கும் ஒலிக்கிறது என்று பெருமைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இளங்கோ_மருத்துவர்

குமரன் தம்பி, உங்கள் நண்பர் மீண்டது பெரிய ஆறுதல். மனநல மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. குறைப்பதானாலும் மருத்துவர் கண்காணிப்பில், படிப்படியாகத்தான். இதை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மந்திரமும் மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் நேர்மையாக இயங்கிய ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. கேரளத்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய ஏக்நாத் ஈஸ்வரன் என்ற ஆங்கிலப் பேராசிரியர், காந்தியின் ராமநாமப் பழக்கத்தைப் பின்பற்றி, ஒரு சிறு சொல்லை மனத்துக்குள் நாள் முழுக்கச் சொல்லும் முறையை மேலைநாட்டாருக்குக் கற்பித்தார். வரிசையில் நிற்கும்போது, நடக்கும்போது, தூக்கம் வராதபோது, கோபம் வரும்போது. இந்த முறையை ஜில் போர்மன் என்ற செவிலியர் ஆய்வாளர் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார். போரின் பயங்கரம் மனத்தை விட்டு அகலாத 173 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்தப் பயிற்சியும் மற்றதற்கு வழக்கத்தில் உள்ள ஓர் உரையாடல் சிகிச்சையும் கொடுத்தார்கள். எட்டு வாரம், வாரம் ஒரு அமர்வு. 2018இல் வெளியான முடிவில் மந்திரப் பிரிவினரின் நோய்க்குறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன; தூக்கமும் மேம்பட்டிருந்தது.

அங்கே யாரும் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. இன்ன மந்திரம்தான் என்று கட்டாயமும் இல்லை. ராம என்பது ஒருவருக்கு, ஆவே மரியா இன்னொருவருக்கு, 'ஓம் மணி பத்மே ஹும்' மற்றொருவருக்கு. அவரவர் தேர்ந்துகொண்டு, பிறகு மாற்றாமல் அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒலிக்காமல் மனத்துக்குள் சொன்னாலும் பலித்தது என்பதையும் கவனியுங்கள். ஆக மூச்சு ஒன்றே முழுக் காரணமும் அல்ல. எண்ணம் பழைய பள்ளத்தில் விழப்போகும் கணத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சொல் கையில் இருக்கிறது. வேதவல்லி அம்மா சொன்ன கவனக் குவிப்பும் இதுவே.

ஓதுவார்_பேரன் (தருமபுரம்)

டாக்டர் ஐயா, அவரவர் சொல்லைத் தேர்ந்துகொண்டார்கள் என்றதும் சம்பந்தர் நினைவுக்கு வருகிறார். பாண்டியனின் சுரத்தைத் தணிக்க மதுரையில் அவர் பாடியது 'மந்திரமாவது நீறு', நல்ல தமிழில். என் தாத்தா காய்ச்சல் வந்த பிள்ளைகளின் நெற்றியில் நீறு பூசி அதைப் பாடுவார். பாடி முடித்ததும் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்பியும் வைப்பார்.

மீனா_ஆஸ்டின் (டெக்சஸ்)

இங்கே எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு என் கணவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அமெரிக்கர். தூக்கம் வராமல் தவிக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறார், அதை நிறுத்தப் போவதில்லை. மிருத்யுஞ்ஜய மந்திரத்தை ஒலிப்பதிவில் கேட்டுக் கேட்டு மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. எங்கிருந்து தொடங்கட்டும், அக்கா?

நெய்தல்

மீனா, அவருக்கு ஏற்கெனவே பிடித்த மந்திரம் என்பதே நல்ல தொடக்கம். அதற்கு நான்கு பாதம், பாதத்துக்கு எட்டு அசை. முதல் இரண்டு பாதங்களையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள்: 'த்ரயம்பகம் யஜாமஹே, சுகந்திம் புஷ்டிவர்தனம்'. நிதானமாகச் சொன்னால் ஆறேழு வினாடி ஆகும். வாயை மூடி மூக்கால் மூச்சை இழுக்க மூன்று வினாடி. பிறகு அடுத்த இரண்டு பாதங்கள்: 'உர்வாருகமிவ பந்தனாந், ம்ருத்யோர் முக்ஷீய மாம்ருதாத்'. டாக்டர் சொன்ன பத்து வினாடிக் கணக்கு தானாக வந்துவிடும். கடிகாரம் பார்க்க வேண்டாம். ஒரே மூச்சில் முடியவில்லை என்றால் ஒவ்வொரு பாதமாக உடைத்துச் சொல்லட்டும். இழுத்துப் பிடித்தால் தொண்டை இறுகும், வந்த காரியம் கெடும். சாதாரணப் பேச்சுக் குரலை விடக் கொஞ்சம் தாழ்ந்த குரல் போதும்.

படுக்கையில் வேண்டாம், நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்காரட்டும். ஒலிப்பதிவை முதல் சில நாள் உச்சரிப்புக்காக மட்டும் போடுங்கள், பிறகு அணைத்துவிடுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட வேண்டும்.

வேதவல்லி

மீனா, ஒரு திருத்தம் மட்டும். பெரும்பாலான ஒலிப்பதிவுகளில் இதை ராகம் போட்டு நீட்டிப் பாடுகிறார்கள். ஸ்வரத்தோடு ஓத விரும்பினால் அந்த மெட்டை முதலில் விட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் இரண்டும் கலந்துவிடும். வெறுமனே நிதானமாகச் சொல்வதென்றால் மெட்டும் வேண்டாம், ஸ்வரமும் வேண்டாம், எழுத்தைத் தெளிவாகச் சொன்னால் போதும். 'ம்ருத்யோர்' என்பதை அமெரிக்கர்கள் 'மிரித்' என்று உடைப்பார்கள். முதலில் உதட்டை மூடி 'ம்', பிறகு நாக்கு நுனியை மேலே மடித்து 'ரு'. உங்கள் இருவருக்கும் நேரமிருந்தால் ஞாயிறு காலை, உங்களுக்குச் சனி இரவு, காணொளி அழைப்பில் வாருங்கள். நான் ஒரு முறை சொல்கிறேன், நீங்கள் இரண்டு முறை சொல்லுங்கள். கட்டணம் கிடையாது. பொருநைக்கும் இதே அழைப்பு உண்டு.

பொருநை

வருகிறேன் அம்மா. நேரத்தைச் சொல்லுங்கள்.